இருப்புப் பாதையில் ஓர் ஆங்கிலப் பாடம்

ஆங்கிலேயர் இந்நாட்டை விட்டுச் சென்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அவர்களுடைய பாஷையைப் பற்றிய கவலை மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. அந்தப் பாஷையே வேண்டாமென்று சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. வைத்தியம், யந்திர சாஸ்திரம், சட்டம் என்று எத்தனையோ துறைகளின் நூல்கள் அதில் இருக்கின்றன. குழந்தைகள் அதைக் கற்க வேண்டியதுதான். ஆனால் கற்கும் விதம் எது என்பதே இவ்வாரத்து விஷயம்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள். நோட்டுப் புத்தகத்தின் இடப் பக்கத்தில் ஆங்கிலம், வலப் பக்கத்தில் தமிழ். குழந்தை காலையில் நெட்டுருப் போடுகிறது. மாலையில் தகப்பனார் ஒப்புவிக்கச் சொல்லுகிறார். பத்தும் சரியாக வந்துவிடுகின்றன. மறு வாரம் அதே பத்தைக் கேட்டால் இரண்டு தேறுவது அரிது. உடனே குழந்தைக்கு ஞாபக சக்தி போதவில்லை என்று தீர்மானித்து, வல்லாரை லேகியம் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

குறை குழந்தையிடம் இல்லை. அந்தப் பத்துச் சொற்களும் அகராதியில் அகர வரிசையில் அடுத்தடுத்து நின்றன என்பதைத் தவிர, அவற்றுக்குள் யாதொரு உறவும் இல்லை. உறவில்லாத பத்துப் பேரை ஒரு திண்ணையில் உட்கார வைத்தால் பொழுது விடிவதற்குள் அவரவர் வழியே எழுந்து போய்விடுவார்கள் அல்லவா? உரல், உலக்கை, முறம், உமி, தவிடு, நொய் என்னும் சொற்களை நமக்கு யாராவது பட்டியல் போட்டுக் கற்பித்தார்களா? பாட்டி நெல் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொற்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. வேலையோடு வந்த சொல் வேலை நினைவிருக்கும் வரையில் இருக்கும்.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடியிலிருந்து முடிவு வரையில் எப்படி நடக்கிறது என்பதைக் குழந்தைக்குத் தமிழில் நன்றாக விளக்குங்கள். பிறகு அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களைக் கொடுங்கள். உதாரணத்துக்கு ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். அதைப் பார்க்காத குழந்தை அநேகமாக இல்லை. அன்றியும் அதில் வழங்கும் ஆங்கிலச் சொற்களில் மிகப் பல வாயை உடைக்கும் பண்டிதச் சொற்கள் அல்ல. தலை, கால், மூக்கு, நாக்கு, நாற்காலி, மீன் என்று வீட்டில் புழங்கும் சொற்கள்.

பள்ளிக்கூடத்து மணி

நம் கிராமப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் மணி என்பது வெண்கல மணி அன்று. வேப்ப மரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு முழத் தண்டவாளத் துண்டுதான். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தத் துண்டின் அறுத்த முகத்தை உற்றுப் பாருங்கள். மேலே திரண்டிருக்கும் பாகத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹெட்', அதாவது தலை என்று பெயர். கீழே அகன்று பரந்த பாகத்துக்கு 'ஃபுட்', பாதம். இரண்டையும் இணைக்கும் மெல்லிய நடுப் பாகத்துக்கு மட்டும் உடம்பின் பெயரைக் கொடுக்கவில்லை. அதற்கு 'வெப்' என்று பெயர். நெய்வதைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ள பதம் இது. சிலந்தி பின்னுவதும் வெப். வாத்தின் கால் விரல்களுக்கு இடையில் உள்ள சவ்வும் வெப். உலகமெங்கும் விரிந்திருக்கும் கணிப்பொறி வலைக்கும் அதே பெயர்தான். தடித்த இரண்டு உறுப்புகளை மெல்லிதாக இணைத்து நிற்பதால் தண்டவாளத்தின் நடுத் தகடும் வெப் ஆயிற்று.

இந்த உருவம் ஏன்? சக்கரம் உருண்டு உருண்டு தேய்ப்பது தலையை. ஆகவே அங்கே இரும்பு அதிகம் வேண்டும். வண்டியின் பாரத்தைக் கீழே பரப்பிக் கொடுப்பது பாதம். ஆகவே அது அகலமாயிருக்க வேண்டும். பாரத்தில் வளையாதிருக்க உயரம் வேண்டும். அந்த உயரத்தை அதிக இரும்புச் செலவில்லாமல் கொடுப்பது நடுத் தகடு. முற்காலத்தில் இங்கிலாந்தில் மேலும் கீழும் தலையே உள்ள தண்டவாளங்களைச் செய்தார்கள். ஒரு தலை தேய்ந்தால் புரட்டிப் போட்டு மற்றத் தலையை உபயோகிக்கலாம் என்பது அவர்களுடைய சிக்கன யோசனை. ஆனால் கீழே இருந்த தலை, தன்னைத் தாங்கிய இரும்பில் இடிபட்டு இடிபட்டுக் குழி விழுந்துவிட்டது. புரட்டிப் போட்டால் வண்டி தடதடவென்று ஆடியது. சிக்கனம் பலிக்கவில்லை. தலை தலையாகவும் கால் காலாகவும் இருப்பதே நல்லதென்று இப்போதுள்ள உருவம் நிலைத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு 'ரெயில்' என்னும் சொல்லுக்கு வாருங்கள். நாம் தமிழில் ரயில் என்றால் வண்டி என்று அர்த்தம் செய்துகொள்ளுகிறோம். ஆங்கிலத்தில் ரெயில் என்பது அந்த நீண்ட இரும்புக் கம்பிதான். வண்டித் தொடருக்கு 'டிரெயின்' என்று வேறு பெயர். இழுத்துச் செல்லப்படுவது என்பது அதன் கருத்து. ரெயில் என்பதோ லத்தீன் பாஷையில் நேர்கோலைக் குறிக்கும் 'ரெகுலா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. கோடு போடும் 'ரூலர்', சட்டமாகிய 'ரூல்', ஒழுங்கைக் குறிக்கும் 'ரெகுலர்' எல்லாம் அதே குடும்பத்துக் குழந்தைகள். ஒரு சொல்லுக்குப் போன குழந்தை நான்கு சொல்லோடு திரும்பி வந்துவிட்டது, பாருங்கள்.

மண்ணும் கல்லும்

இனி வேலை நடக்கும் வரிசையில் போவோம். ரயில் பாதை போடுவதில் முதல் வேலை மண் வேலை. பூமி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வண்டிக்கோ சமமான வழி வேண்டும். பள்ளத்தை மண் கொட்டி உயர்த்தினால் அது 'எம்பாங்க்மெண்ட்'. ஆற்றங்கரையைக் குறிக்கும் 'பாங்க்' என்னும் சொல் அதனுள் இருக்கிறது. மேட்டை வெட்டி வழி செய்தால் 'கட்டிங்'. வெட்டுவதற்கு 'கட்' என்று முதல் வகுப்பிலேயே படித்த சொல்தான்.

பள்ளத்தில் கொட்ட மண் எங்கிருந்து வருகிறது? பக்கத்து நிலத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். அப்படித் தோண்டிய குழிக்கு 'பாரோ பிட்' என்று பெயர். 'பாரோ' என்றால் கடன் வாங்குவது. திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் சிறிதும் இல்லாமல் வாங்கிய கடன் அது! ரயிலில் போகும்போது பாதையோரத்தில் வரிசையாக நீர் தேங்கி அல்லி பூத்திருக்கும் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இவ்வாறு வெட்டியவை. அடுத்த முறை பிரயாணம் செய்யும்போது குழந்தைக்கு அவற்றைக் காட்டுங்கள். 'பாரோ' என்னும் சொல்லை அது பிறகு மறக்காது.

ஏற்ற இறக்கத்துக்கு 'கிரேடியண்ட்' என்று பெயர். நூறு அடி போவதற்குள் ஓர் அடி ஏறினால் 'ஒன் இன் ஹண்ட்ரட்' என்பார்கள். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்துக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே 46 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். வழவழப்பான சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகையால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்து, இஞ்சினில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்திருக்கிறார்கள். பல் வைத்த பட்டைக்கு 'ராக்', பல்சக்கரத்துக்கு 'பினியன்' என்று பெயர். கணக்குப் பாடத்தில் விகிதம் என்றால் ஓட்டம் பிடிக்கும் பையன்கூட இந்த விகிதத்தைக் கவனித்துக் கேட்பான்.

மண்ணுக்கு மேல் கருங்கல் ஜல்லி. அதற்கு 'பேலஸ்ட்' என்று பெயர். இது கப்பற்காரர்களின் சொல். சரக்கில்லாமல் வெறுமனே போகும் கப்பல் கடலில் தத்தளிக்காமல் இருப்பதற்காக அடித்தட்டில் கல்லும் மணலும் நிரப்புவார்கள். அந்த அடிபாரத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கப்பலை நிலைநிறுத்தும் கல்லின் பெயர் பாதையை நிலைநிறுத்தும் கல்லுக்கும் வந்தது. ஆற்றுக் கூழாங்கல் இதற்கு உதவாது. உருண்டைக் கல் பாரம் விழுந்தால் நழுவி ஓடும். உடைத்த கல்லோ முனையோடு முனை கோத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். மழை நீரையும் வடியவிடும். வண்டி ஓடும் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும்.

உறங்காத 'ஸ்லீப்பர்'

ஜல்லியின் மேல் குறுக்காகக் கட்டைகள் கிடக்கின்றன. அவற்றுக்கு 'ஸ்லீப்பர்' என்று பெயர். உறங்குகிறவன் என்பது நேர் பொருள். ரயில் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே இங்கிலாந்துத் தச்சர்கள் தரையில் படுத்தபடி மேற்பாரத்தைத் தாங்கும் உத்தரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அதே கட்டைக்கு 'டை', அதாவது கட்டு என்று பெயர். இங்கிலாந்துக்காரன் அது படுத்திருப்பதைப் பார்த்தான். அமெரிக்கன் அது இரண்டு தண்டவாளங்களையும் பிரியாமல் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தான். இரண்டு பெயரும் பொருத்தமே.

முன்னே தேக்கு, சால், தேவதாரு முதலிய மரங்களை வெட்டி ஸ்லீப்பர் செய்தார்கள். வார்ப்பிரும்பிலும் எஃகிலும்கூடச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கான்கிரீட். அகலப் பாதைக்கு உரிய கான்கிரீட் ஸ்லீப்பர் ஒன்று சுமார் இரண்டே முக்கால் மீட்டர் நீளமும் கால் டன்னுக்கு மேல் எடையும் உள்ளது. முக்கியமான பாதைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர்கள் வரையில் போடுகிறார்கள். உறங்குகிறவன் என்று பெயர் வைத்துக்கொண்டு இரவும் பகலும் இவ்வளவு பாரத்தைத் தாங்குகிற ஜீவன் வேறு ஏது!

ஸ்லீப்பரின் முக்கியக் கடமை இரண்டு தண்டவாளங்களின் இடைவெளியைக் காப்பது. அந்த இடைவெளிக்கு 'கேஜ்' என்று பெயர். அளவு என்பது பொருள். இந்தச் சொல்லை எழுதும்போது 'ஏ' முன்னே, 'யு' பின்னே. இதை மாற்றி எழுதாத மாணாக்கனைக் காண்பது துர்லபம். இங்கிலாந்தில் இந்த அளவு ஊருக்கு ஒன்றாக இருந்ததால் பெரிய வியாஜ்யமே நடந்தது. பெரும்பாலோர் நான்கு அடி எட்டரை அங்குலம் என்றார்கள். புரூனெல் என்னும் இஞ்சினியர் ஏழு அடி வைத்தார். இரு பாதைகளும் சந்தித்த ஊர்களில் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் வண்டி மாறினார்கள். 1846-இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து சிறிய அளவுக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஏழடிப் பாதை முழுவதும் மறைய 1892 வரையில் ஆயிற்று. நம் நாட்டு அகலப் பாதை ஐந்து அடி ஆறு அங்குலம். 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடிய முதல் பிரயாணிகள் வண்டி அந்த அளவிலேயே ஓடியது. பின்னர் செலவைக் குறைப்பதற்காக மீட்டர் பாதை வந்தது; 1992 முதல் அதைப் பெரும்பாலும் அகலப் பாதையாக மாற்றினார்கள். 'பிராட்', 'நேரோ', 'ஸ்டாண்டர்ட்' என்னும் மூன்று சொற்களும் இந்த ஒரு கதைக்குள் அடங்கிவிடுகின்றன.

கீமேன் மகன்

இப்பாடத்தை வகுப்பில் நடத்தியபோது நேர்ந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். அவ்வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆங்கிலப் பரீட்சையில் முப்பத்தைந்து மார்க்கைத் தொட்டதில்லை. வாசிக்கச் சொன்னால் தலை குனிந்து நிற்பான். அன்று "'கீ' என்றால் என்ன?" என்று கேட்டேன். எல்லாரும் "சாவி" என்றார்கள். அவன் மட்டும் மெல்ல எழுந்து, "ஆப்பு, ஸார்" என்றான்.

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னதே சரி. பழைய முறையில் தண்டவாளத்தை ஸ்லீப்பரின் மேல் பொருத்துவதற்கு ஒரு வார்ப்பிரும்புப் பிடி உண்டு. தண்டவாளம் அதில் உட்காருவதால் அதற்கு 'சேர்', நாற்காலி என்று பெயர். தண்டவாளத்துக்கும் நாற்காலிக்கும் இடையே அடித்து இறுக்கும் ஆப்புக்கு 'கீ' என்று பெயர். தினந்தோறும் பாதை நெடுக நடந்து, தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்கி, பழுது உண்டா என்று பார்த்து வருகிறவர் 'கீமேன்'. இப்போது கான்கிரீட் ஸ்லீப்பர்களில் ஆப்புக்குப் பதிலாகச் சுருண்ட எஃகுக் கிளிப்புகள் வந்துவிட்டன. ஆப்பு போனாலும் கீமேன் என்னும் பெயர் போகவில்லை; நடையும் போகவில்லை. அந்தப் பையனுடைய தகப்பனார் ஒரு கீமேன்.

அடுத்த சொல் 'ஃபிஷ்பிளேட்'. ஒரு பெண் எழுந்து, "மீன் வைக்கும் தட்டு" என்றாள். இம்முறை அந்தப் பையன் சிரித்தான். அவனையே விளக்கச் சொன்னேன். இரண்டு அடிக்கோல்களை முனையோடு முனை சேர்த்து மேஜையின் மேல் செங்குத்தாக வைத்தான். சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு சிறு அட்டைகளை வைத்து விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இதுதான் ஃபிஷ்பிளேட், இங்கே நான்கு போல்ட்டு" என்றான். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் விளக்கிவிட முடியாது. இந்த இணைப்புத் தகட்டைப் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1847-இல் கொண்டுவந்தார். முறிந்த பாய்மரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டும் மரச் சிம்புக்குக் கப்பற்காரர்கள் 'ஃபிஷ்' என்பார்கள். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு நான் கேட்காமலே அவனிடமிருந்து சொற்கள் வந்தன. 'பாக்கிங்' என்றால் மூட்டை கட்டுவது என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்தித் திணிப்பது பாக்கிங் என்றான். 'காஷன்' என்றால் அந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போக வேண்டும் என்றான். பாதையில் பழுது கண்டால் வண்டியை நிறுத்துவதற்காகத் தண்டவாளத்தின் மேல் வைக்கும் வெடிக்கு 'டெட்டனேட்டர்' என்று பெயர். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். டிரைவர் நிறுத்திவிடுவார் என்றான். அன்றைய ஒரு மணி நேரத்துக்கு உபாத்தியாயர் அவன்தான்.

அந்த வருஷப் பரீட்சையில் அவனே முதல்வனாகத் தேறினான் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. கேள்வித்தாளில் ஃபிஷ்பிளேட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அன்று முதல் வாசிக்கச் சொன்னால் அவன் நிமிர்ந்து நின்று வாசித்தான். தப்பும் தவறுமாக வாசித்தாலும் உரக்க வாசித்தான். வாய் திறவாதவனுக்கு எந்தப் பாஷையையும் கற்பிக்க முடியாது. வாய் திறந்தவனுக்குக் கற்பித்துவிடலாம்.

இதில் யோசிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. சென்னை ராஜதானியில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் முதல் ரயில் புறப்பட்டது 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி. தண்டவாளமும் இஞ்சினும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. அங்கே பங்கு வாங்கிய முதலாளிகளுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம் என்று இந்நாட்டு வரிப் பணத்தைக் காட்டி உறுதி கொடுத்திருந்தார்கள். லாபம் கடல் தாண்டிப் போயிற்று. மண் சுமந்தவர்களும் கல் உடைத்தவர்களும் நம்மவர்கள். தண்டவாளத்தோடு வந்த சொற்கள் மட்டும் சுமந்தவர்களுடைய வீட்டில் தங்கிவிட்டன. ஏழெட்டுத் தலைமுறையாக எழுத்து வாசனை இல்லாத குடும்பங்களில்கூட அச்சொற்களைப் பொருள் பிசகாமல் வழங்கி வருகிறார்கள். பொருள் பிசகினால் வண்டி கவிழும் அல்லவா?

அத்தகைய வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தால், 'உனக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூட வராது' என்கிறோம். அவன் வாயில் உள்ள சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு, அகராதியிலிருந்து அவன் கண்டிராத பொருளின் பெயரை எடுத்துக் கொடுக்கிறோம். கையில் உள்ள நெல்லைக் கீழே கொட்டிவிட்டு உமிக்குக் கையேந்துவது போலிருக்கிறது இது.

நாக்கும் மூக்கும்

பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வாருங்கள். ஆங்கிலச் சொல் கற்பதற்கு இதைவிட வளமான இடம் கிடையாது. வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்புக்கு 'பாயிண்ட்ஸ்' என்று பெயர். அதில் அசையக்கூடிய கூர்மையான தண்டவாளத்துக்கு 'டங்', நாக்கு என்று பெயர். நாக்கின் கூர்முனை 'டோ', கால்விரல். அது பொருந்தியிருக்கும் அடிப்பக்கம் 'ஹீல்', குதிகால். சற்றுத் தள்ளி இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் 'கிராஸிங்'. அதில் கூராக நிற்கும் முனை 'நோஸ்', மூக்கு. அதற்கு முன்னே குறுகும் வழி 'த்ரோட்', தொண்டை. இரு பக்கமும் விரிந்து நிற்பவை 'விங்', சிறகு. நாக்கு, கால்விரல், குதிகால், மூக்கு, தொண்டை, சிறகு: இத்தனையும் இருபது முப்பது மீட்டர் தூரத்துக்குள்!

இங்கே ஏதாவது தவறினால் வண்டி 'டிரெயில்' ஆகும். 'டி' என்னும் முன்னொட்டு நீக்கத்தைக் குறிக்கும். ரெயிலை விட்டு நீங்குதல் டிரெயில். உறைந்ததை உருக்குவது 'டிஃப்ராஸ்ட்' என்று வீட்டுக் குளிர்பெட்டியில் எழுதியிருப்பதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். முன்னொட்டின் வேலை விளங்கிவிடும். நாம் 'தடம் புரண்டது' என்கிறோம். ரயில் வந்த பிறகு தமிழும் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷனுக்கு 'ரயிலடி' என்று பெயர் வைத்துக்கொண்டது. நிற்கும் இடம் என்னும் அதே கருத்தில் 'நிலையம்' என்றும் சொல்லிக்கொண்டது. சண்டையில் ஒருவருடைய வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றவும் கற்றுக்கொண்டது!

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு சூட்டில் நீளும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறார்கள். 13 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டவாளம் நாற்பது டிகிரி சூடு ஏறினால் சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளும். ஆகவே பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் 'கேப்', இடைவெளி விட்டார்கள். சக்கரம் அதைத் தாண்டும்போது எழுந்த 'கடக் கடக்' ஓசைதான் நம் இளமைப் பிரயாணங்களின் தாலாட்டு. இப்போது முக்கியப் பாதைகளில் நெடுந்தூரத்துக்குத் தண்டவாளங்களை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு 'வெல்ட்' என்று பெயர். கனமான ஸ்லீப்பரும் ஜல்லியும் தண்டவாளத்தை நீள விடாமல் பிடித்துக்கொள்ளுகின்றன. பிடி தளர்ந்தால் வெயிலில் பாதை பாம்பு போல நெளிந்துவிடும். அந்த நெளிவுக்கு 'பக்கிள்' என்று பெயர். கீமேன் கோடை வெயிலிலும் நடப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு

பெயர்ச் சொற்களோடு நின்றுவிடக் கூடாது. வினை இல்லாமல் வாக்கியம் இல்லை. ஆங்கிலம் படிப்பவர்களை ஆயுள் முழுதும் அலைக்கழிக்கும் இரண்டு வினைகள் 'லை', 'லே' என்பவை. தமிழில் தன்வினை, பிறவினை படித்த குழந்தைக்கு இதில் கஷ்டமே இல்லை. 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. ஸ்லீப்பர் ஜல்லியின் மேல் கிடக்கிறது. ஆகவே 'தி ஸ்லீப்பர் லைஸ் ஆன் தி பேலஸ்ட்'. ஆட்கள் தண்டவாளத்தைக் கிடத்துகிறார்கள். ஆகவே 'தி மென் லே தி ரெயில்ஸ்'. செயப்பாட்டு வினையில் 'தி ரெயில்ஸ் ஆர் லெயிட்'. 'லை' என்பதன் இறந்த காலமும் 'லே' என்றே வருவதுதான் குழப்பத்துக்கு மூலம். அதை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். பாதை போடுகிறவருக்கு இங்கிலாந்தில் 'பிளேட்லேயர்' என்று பெயர். தண்டவாளத்துக்கு முன்னோடியாக இரும்புத் தகடுகளைப் பதித்த காலத்திலிருந்து வந்த பெயர் அது. வினை மறந்தால் அந்த ஆளை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு குழந்தையைப் பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். முதலில் மண்ணை உயர்த்துகிறார்கள், அதன்மேல் ஜல்லி பரப்புகிறார்கள், அடுத்து ஸ்லீப்பர் வைக்கிறார்கள் என்று வேலையின் வரிசையே கட்டுரையின் வரிசையாகிவிடும். 'ஃபர்ஸ்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்', 'ஃபைனலி' என்னும் இணைப்புச் சொற்களும் அவற்றுக்குரிய இடத்தில் தாமே வந்து உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகளை அருகிலுள்ள ஸ்டேஷனுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிளாட்பாரச் சீட்டு வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றபடியே ஜல்லி, ஸ்லீப்பர், கிளிப்பு எல்லாவற்றையும் பார்க்கலாம். பாதையில் இறங்கக் கூடாது. அது அபாயம், 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி குற்றமும் ஆகும். அந்தக் குற்றத்துக்கு 'டிரெஸ்பாஸ்' என்று பெயர். அந்தச் சொல்லைக் குழந்தை போர்டில் படித்துத் தெரிந்துகொண்டால் போதும்! பாதையில் வேலை செய்யும் ஒருவர் ஓய்வாகப் பிளாட்பாரத்தில் இருந்தால், 'ஐயா, இதற்கு என்ன பெயர்?' என்று குழந்தையையே மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் உச்சரிப்பு அகராதியில் உள்ளதுபோல் இராது. அதனால் என்ன? பொருள் அவரிடம் இருக்கிறது. உச்சரிப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இருப்புப் பாதைக்கு இஞ்சினியர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெர்மனெண்ட் வே', நிரந்தரப் பாதை. பாதை கட்டும் காலத்தில் மண்ணும் கல்லும் ஏற்றி வருவதற்கென்று முதலில் அவசரமாக ஒரு தற்காலிகப் பாதை போடுவார்கள். வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கிவிட்டு நிரந்தரப் பாதை போடுவார்கள். நெட்டுருப் போட்ட பட்டியலும் பரீட்சைக்கு முதல் நாள் வேண்டுமானால் உதவும். பரீட்சைக்குப் பிறகும் இருக்க வேண்டிய சொற்களுக்கு மண் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'எனக்கோ ஆங்கிலம் தெரியாதே, நான் எப்படிக் கற்பிப்பேன்?' என்று சில தாய்மார்கள் எண்ணக்கூடும். அவர்கள் வீட்டில் தையல் மெஷின் இருந்தால், இவ்வாரம் அதன் முன் உட்கார்ந்து தமக்குத் தெரிந்த உறுப்புகளின் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். பாபின், ஷட்டில், பெடல், ஹெம்மிங், காஜா என்று வரும். அவற்றில் எத்தனை ஆங்கிலம் என்று எண்ணி வைத்திருங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.